கல்லும் மண்ணும் கிணற்று நீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே செல்வோர் ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலே திருநெல்வேலியை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டிலே பரமேசுவராக் கல்லூரியை நிறுவியது இவ்வூரில். அக்கல்லூரி நிலத்திலேயே 1974ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. கல்வியாற் பெயர்பெறு முன்னரே இவ்வூர் தோட்டச் செய்கையாற் பெயர்பெற்றிருந்தது. அத்தோட்டங்களிலே கிணறு வெட்டுவோர் முதலிற் காண்பது செம்மண். அதன் கீழே சுண்ணக்கல். அக்கல்லின் வெடிப்புக்களிலே நன்னீர். கல் வீட்டுக்குச் சுவராகும். மண் பயிருக்கு நிலமாகும். நீர் இரண்டுக்கும் உயிராகும். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஆதலின், யாழ்ப்பாணத்தார் எதனாற் கட்டினர் என்று மாத்திரம் ஆராய்தல் போதாது. எத்துணை எடுத்தனர், எடுத்ததை எத்தனை முறை பயன்படுத்தினர், எடுத்த இடத்தை எந்நிலையில் விட்டனர் என்னும் வினாக்களும் கட்டட வரலாற்றின் பாற்பட்டனவே.

நிலத்தின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அக்காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அப்பொழுது ஆழங்குறைந்த கடலடியிலே கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து இறுகிப் பாறையாயின. வன்னியிலே காணப்படும் கருங்கற் பாறைகள் குடாநாட்டின் மேற்பரப்பில் இல்லை. ஆகவே, தமிழ்நாட்டுச் சிற்பிகளைப் போன்று கருங்கல்லிலே கோபுரமும் மண்டபமும் எழுப்ப விழைந்தோர் கல்லைப் புறத்தேயிருந்து கொணர வேண்டியவராயினர். எளிதிற் கிடைத்தவை நிலத்துச் சுண்ணக்கல்லும், கரையோரத்திலும் தீவுகளிலும் கிடைத்த முருகைக்கல்லுமே.

சுண்ணக்கல் மழைநீரிலே மெல்லக் கரையும் இயல்புடையது. கரையும் பகுதி நீரோடு செல்ல, கரையாது எஞ்சிய பொருளே நெடுங்காலத்திற் செம்மண்ணாயிற்று என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. பல இடங்களில் அச்செம்மண்ணின் ஆழம் சில அடிகளே. கல் கரைந்த இடங்களிலே வெடிப்புக்களும் குகைகளும் அமைந்தன. குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையை அவ்வெடிப்புக்களே உண்டு, நிலத்தின் கீழே தேக்கி வைக்கின்றன. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்நிலத்தடி அமைப்பின் புறத்தோற்றங்கள்.

இந்நன்னீர் கடல்நீரின்மேல் மிதப்பது என்பது இங்கு முக்கியமாகக் கருதற்பாலது. உவர்நீர் நன்னீரினும் சிறிது பாரமானது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. பாறையின் வெடிப்புக்களுக்கேற்ப அக்கணக்கு இடந்தோறும் வேறுபடும். ஆயினும் அதன் மறுபுறம் அச்சந்தருவது: மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு உயர்ந்து வரும். மழையை வாங்கும் கல்லையும் அதனை மூடிக் காக்கும் மண்ணையும் பெருமளவில் அகற்றும் நாட்டிலே கிணறுகள் உவர்த்தல் இயல்பு.

பழங்காலக் கட்டடங்கள்

குடாநாட்டின் பழைய கற்கட்டடங்களுள் இன்றும் காணத்தக்கவை கந்தரோடைத் தூபிகள். 1917ஆம் ஆண்டளவிலே போல் பீரிசு அவ்விடத்தை ஆராய்ந்து அறிஞருலகுக்கு அறிவித்தார். 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் சார்பிலும் அங்கே அகழ்வு நிகழ்ந்தது. அச்சிறு தூபிகள் முருகைக்கல்லையும் சுண்ணக்கல்லையும் செதுக்கி அடுக்கியவை. கருங்கல் இல்லாத நாட்டிலே, கிடைத்த மெல்லிய கல்லுக்கேற்ற சிறிய வடிவத்தை அக்காலத்துக் கட்டடக்காரர் தேர்ந்துகொண்டனர் எனலாம்.

நெடுந்தீவிலே காணி எல்லைகளுக்கு முருகைக்கற்களை அடுக்கிய வேலிகள் நெடுந்தூரம் செல்கின்றன. அவற்றுக்குச் சாந்து இல்லை. கல்லின் பாரமும் அடுக்கும் கையின் திறனுமே அவற்றை நிறுத்துகின்றன. காற்றுக் கற்களின் இடைவெளியாற் புகுந்து செல்லும். விழுந்த பகுதியை அதே கல்லாலே மீண்டும் அடுக்கிவிடலாம். வலிகாமத்துத் தோட்டக்காரரும் நிலத்தைப் பண்படுத்தும்பொழுது கிளம்பிய கற்களை வீணே எறிந்தாரல்லர். அவை வரம்பாயும், மதிலாயும், கிணற்றுக் கட்டாயும், வீட்டு அத்திவாரமாயும் பயன்பட்டன. கல்லை அகற்றுதலும் கல்லாற் கட்டுதலும் அவர்க்கு ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

வழிப்போக்கர் பொருட்டு அமைந்த அறநிலையங்களும் இக்கல்லாலேயே எழுந்தன. தெருவோரத்துச் சுமைதாங்கி, மாடுகள் உடலுரைஞ்சும் ஆவுரஞ்சிக்கல், நீர்த்தொட்டி, கேணி, மடம் என்பன யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளுக்கு உரியவை. பருத்தித்துறையிலே தும்பளை செல்லும் வீதியை மூடி நிற்கும் தெருமூடி மடம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. வீதி மடத்தினூடே செல்ல, இருபுறமும் உயர்ந்த திண்ணைகளிலே வழிச்செல்வோர் வெயிலாறுவர். பெருஞ்செல்வரின் மாளிகைகள் பல அழிந்தொழிய, பொதுமக்களின் பயன்பாட்டிலிருந்த இம்மடம் நிலைத்து நிற்கின்றது.

மண்வீடும் கல்வீடும்

எனினும், பழைய யாழ்ப்பாணம் கல்வீடுகளாலாய நாடென்று கருதுதல் தவறு. பெரும்பாலோர் வாழ்ந்தது மண்வீட்டில். களிமண்ணை நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்தி, ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படையை வைத்துச் சுவர் எழுப்பினர். நிலத்துக்குப் புற்றுமண் இட்டு இறுக்கிச் சாணத்தால் மெழுகினர். மேலே பனைமர வளையும் சிலாகையும். அவற்றின்மேல் பனையோலை அல்லது தென்னங்கிடுகு. சுவரை மழை நனையாதபடி கூரையின் இறப்பு நன்கு தாழ்ந்திருக்கும். வீடு பழுதுற்றால் சுவர் மீண்டும் மண்ணாகும். ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். குளத்தைத் தூர்வாரும்பொழுது கிடைக்கும் களி சுவருக்கு உதவுமாகையால், வீடு கட்டுதலும் குளத்தை ஆழமாக்குதலும் ஒருங்கே நிகழ இடமுண்டாயிற்று.

வசதியுடையார் கல்வீடு கட்டினர். நடுவே முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் அமைந்த நாற்சார் வீட்டிலே சுண்ணக்கற் சுவர்கள் தடித்து நிற்கும். பகலின் வெப்பத்தை அத்தடித்த சுவர் மெல்ல வாங்கிக்கொள்வதால் உள்ளறை குளிர்ந்திருக்கும். தலைவாசற் படலைக்கும் சிறு கூரை இட்டுச் சங்கடப்படலை அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயா நாட்டிலே தொழில் பார்த்தோர் அனுப்பிய பணத்தாலே கல்வீடுகள் பெருகின. கள்ளிக்கோட்டை ஓடு ஓலைக்கூரையின் இடத்தைப் பிடித்தது.

கல்லை இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அதன் இயல்பு அறியத்தக்கது. தூய சுண்ணக்கல் 100 இறாத்தலைச் சூளையிலே சுட்டால், 44 இறாத்தல் காபனீரொட்சைட்டு வாயுவாகிப் பிரிய, 56 இறாத்தல் சுண்ணாம்பு எஞ்சும். அதனை நீரிட்டு நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகும். சாந்து இறுகுதற்குப் பனங்கட்டியும் கடுக்காயும் ஊறிய நீர் சேர்க்கும் வழக்கமும் தமிழரிடையே இருந்தது. இச்சாந்துக்கு இன்னொரு பண்பு உண்டு. அது கல்லினும் மெல்லியது. ஆதலால் பழைய சுவரைப் பிரிக்கும்போது கல் உடையாது கழன்று வரும். தந்தை வீட்டுக் கல் மகன் வீட்டுக்கு அத்திவாரமாதல் இதனாலேயே இயலுவதாயிற்று.

இவ்வாறு கூறுதலாற் பழமை முழுதும் குற்றமற்றது என்பது பொருளன்று. சூளைகள் விறகைப் பெருமளவில் உண்டன. கடலிலிருந்து முருகைக்கல் எடுத்தமையாற் கரை காக்கும் அரண் குறைந்தது. மண்வீட்டைக் கறையான் அரித்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே வடபகுதியைத் தாக்கியது போன்ற புயல்களுக்கு ஓலைக்கூரையும் ஈரமண் சுவரும் ஈடுகொடுத்தல் அரிது. மண்வீட்டில் வாழ்ந்தோருட் பலர் அதனை விரும்பி ஏற்றவரல்லர். வறுமையும் சாதிக் கட்டுப்பாடும் அவர்க்கு வேறு வழி விடவில்லை. அவர் சந்ததியார் சீமெந்து வீட்டை மதிப்பின் அடையாளமாகக் கருதுவதிலே வியப்பில்லை. மண்ணைப் புகழ்வோர் இவ்வரலாற்றை மறந்து பேசுதல் தகாது.

கோட்டை தந்த பாடம்

குடும்பத் தேவைக்கு அளவாக எடுத்த கல்லை அரசுகள் பெருமளவில் எடுக்கத் தொடங்கியது ஐரோப்பியர் ஆட்சியிலே. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621ஆம் ஆண்டில் பிலிப்பே தே ஒலிவேரா என்னும் தளபதி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அக்கோயிற் கற்கள் கோட்டை வேலைக்குச் சென்றன என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றி, ஐங்கோண வடிவிலே புதுக்கினர். உட்கோட்டை 1680ஆம் ஆண்டிலும், புறவரண்கள் 1792ஆம் ஆண்டிலும் நிறைவுற்றன. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அதன் பொருள்கள். 1706ஆம் ஆண்டிலே கோட்டையினுள் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயமும் அவற்றால் ஆயதே. அக்காலத்திலே ஊழியம் என்னும் கட்டாய வேலைமுறை நிலவியது; கூலியின்றி உழைத்தவரின் கைகளும் அக்காலத்து அரசாங்க வேலைகளிலே உண்டு.

புறவரண் முடிந்து ஏறத்தாழ மூன்றாண்டில், 1795ஆம் ஆண்டிலே, கோட்டை ஆங்கிலேயர் கையிற் சென்றது. நூற்றாண்டுக்கு மேலாகக் குவித்த கல் ஆள்வோரைக் காக்கவில்லை. பின்னர் 1990ஆம் ஆண்டு தொட்டு நிகழ்ந்த போரிலே கோட்டையும் தேவாலயமும் பெரிதும் சிதைந்தன. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், தொல்லியல் திணைக்களம் ஒல்லாந்து நாட்டின் உதவியுடன் கோட்டை மதில்களைத் திருத்தும் பணியைத் தொடங்கியது. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பேணற் சட்டமும் 1988ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தமும் கரையோர வலயத்திலே முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கின்றன. எனவே, விழுந்த கல்லே விழுந்த மதிலுக்கு மருந்து. முன்னோர் பழக்கமாகக் கொண்ட மறுபயன்பாடு இன்று சட்டத்தாலும் வேண்டப்படும் நெறியாயிற்று.

இதே காலத்து நல்லூர் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1734ஆம் ஆண்டிலே, கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்தபோது அது எளிய கொட்டிலாகவே இருந்தது. 1749ஆம் ஆண்டளவிலே கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது. அதன்பின் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக வளர்ந்தது. கோட்டை ஒருசேர எடுத்துக் கட்டியது. கோயில் ஊரின் வளத்துக்கேற்ப நின்று நின்று கட்டியது.

சீமெந்தின் வருகை

1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியமை குடாநாட்டின் கட்டட வரலாற்றிலே பெருந்திருப்பம். சுண்ணக்கல் தொழிற்சாலையின் அயலிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்தது. பல குடும்பங்கள் அதனாற் பிழைத்தன; இலங்கையின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அச்சீமெந்து உதவியது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள வேறுபாடு அளவிலே தங்கியுள்ளது. சீமெந்தாகும் கட்டி ஒரு தொன் பெறுதற்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். சுண்ணாம்புச் சூளைக்கு 900 பாகை செல்சியசு அளவான வெப்பம் போதும். சீமெந்துக்கு 1,450 பாகை வேண்டும். உலகிலே மாந்தர் செயலால் வெளிப்படும் காபனீரொட்சைட்டிலே நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு சீமெந்துத் தொழிலால் ஆவதென மதிப்பிடப்படுகின்றது. 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாகக் காங்கேசன்துறை உற்பத்தி நின்றது. அங்கே அகழ்ந்த பெருங்குழிகள் மாத்திரம் எஞ்சின. அவை கல் எடுத்த இடங்கள் மட்டுமல்ல. மழைநீரை வடித்துக் காத்த பாறைப் போர்வை நீங்கிய இடங்கள். கடலுக்கு அண்மையில் அவ்வாறு பாறையைத் திறந்துவிடுதல், கிணற்று நீரைக் குடித்து வாழும் நாட்டுக்கு எளிய செய்தியன்று.

போரின் பின் எழுந்த வினா

போரிலே வீடிழந்தோர்க்கு வீடு தரல் முதற்கடனாயிற்று. 2010ஆம் ஆண்டிலே இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்திலே பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது. பயனாளிகளே முன்னின்று கட்டிய அவ்வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் எழுந்தன. மணலுக்கு வேண்டுகை பெருகவே, வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளும் தேய்வுற்றன. அக்குன்றுகளும் மழைநீரைத் தேக்கிக் கடலை எதிர்த்து நிற்பன.

பின்னர், 2016ஆம் ஆண்டளவிலே, 65,000 உருக்கு வீடுகளை ஆயத்த உறுப்புக்களாகக் கொணர்ந்து பொருத்தும் திட்டம் அரசினால் முன்வைக்கப்பட்டது. வெப்ப நாட்டுக்கு அவ்வீடு பொருந்துமா, கடற்காற்றிலே நெடுங்காலம் நிற்குமா, செலவிடும் பணம் உள்ளூர்க் கொத்தனார்க்கும் தச்சர்க்கும் சேருமா என்னும் வினாக்களைப் பொறியியலாரும் மக்கட் பிரதிநிதிகளும் எழுப்பினர். அத்திட்டம் கருதியவாறு நிறைவேறவில்லை. அவ்விவாதத்திலே பழமை, புதுமை என்னும் வேற்றுமை முதன்மையானதன்று. ஊர்ப்பொருளும் ஊர்த்தொழிலும் வீட்டோடு வாழுமா என்பதே உயிர்வினா.

பிற நாட்டாரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். எகிப்திலே அசன் பாத்தி 1940களிலே லக்சோர் நகருக்கு அண்மையிற் புதிய குர்ணா என்னும் ஊரை வெயிலில் உலர்த்திய மண்கல்லால் அமைத்தார். அவ்வூர்க்குக் குடிபெயர வேண்டியோர் அதனை மனமுவந்து ஏற்கவில்லை. வாழ்வோர் இசைவின்றிச் சிறந்த பொருளும் பயன்படாது என்பதற்கு அது சான்று. கேரளத்திலே லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு நிலையத்தைச் செங்கல்லாற் குறைந்த செலவில் எழுப்பினார். 1950களிலே கொலம்பியா நாட்டிற் பிறந்த சின்வா-ராம் என்னும் கைப்பொறி, மண்ணோடு சிறிது சீமெந்து கலந்து அழுத்திக் கல்லாக்க வழிசெய்தது. சூளையும் விறகும் வேண்டாத அவ்வகைக் கல்லைப் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஓரோவில் மண் கட்டட நிலையம் பின்னர்ப் பெரிதும் வளர்த்தது.

அம்முறையைத் திருநெல்வேலிக்கு அவ்வாறே கொணர்தல் கூடுமோ எனின், ஆண்டும் அளவு வேண்டும். இங்குள்ள செம்மண் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைக்கும் முதல். சில அடியே ஆழமுள்ள அம்மண்ணை வெட்டிக் கல்லாக்கினால், வீடு எழும், தோட்டம் அழியும். ஆதலின் மண் எடுக்கத்தக்க இடம் தோட்டமன்று. தூர்ந்த குளங்களின் களி, அத்திவாரம் வெட்டும்போது கிளம்பும் மண், இடிந்த மண்வீட்டின் மண் ஆகியனவே முதலில் எண்ணத்தக்கவை. அவற்றின் தகுதியைச் சோதித்துக் கூறுதல் பொறியியலார் கடன். கல்லைப் பொறுத்தவரை, புதிதாக அகழ்தற்கு முன் இடிந்த கட்டடங்களிற் கிடப்பதைக் கணக்கிடல் வேண்டும். பாழடைந்த கல்வீடொன்றைப் பொறியால் நொறுக்கிக் குழி நிரப்புதல் எளிது. கல்லைக் கழற்றி அடுக்கி வைத்தல் கடினம். ஆயினும் முன்னதிலே ஒருமுறை பயன். பின்னதிலே பலமுறை பயன்.

இதற்குத் தடையாவது பொருளின்மையன்று, தொழிலறிவு குன்றியமையே. சுண்ணாம்பு நீற்றும் பதம், சாந்து குழைக்கும் அளவு, சாந்தின்றிக் கல் அடுக்கும் முறை என்பன கையாற் கற்கும் கல்வி. நெடுந்தீவின் கல்வேலியை இன்றும் திருத்துவோர் உளர். சீமெந்து பூசிய பழஞ்சுவர் ஈரத்தை வெளிவிட மாட்டாது உதிர்தலைக் கண்டு, பழைய கோயில்களையும் மடங்களையும் காப்போர் சுண்ணாம்பை மீண்டும் நாடுகின்றனர். அத்தொழிலாளரின் அறிவு நூலில் ஏறுமுன் அவரோடு மறையுமாயின், கோட்டையைத் திருத்தவும் ஆளிருக்காது. தெருமூடி மடத்தைத் தாங்கவும் ஆளிருக்காது.

முடிவாகக் கூறத்தக்கது இது. யாழ்ப்பாணத்துக் கல்லும் மண்ணும் விலையின்றிக் கிடைத்தவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றின் விலையைக் கிணறு செலுத்துகின்றது. அளவறிந்து எடுத்தவரையில் அக்கிணறு இனித்தது. வீடு தேவையே; பாலமும் பாடசாலையும் தேவையே. அவற்றுக்குச் சீமெந்து இன்றியமையாத இடங்களும் உள. ஆனால், ஒவ்வொரு குழி தோண்டப்படும்பொழுதும் அதன் அடியிலே நிற்கும் நீரையும் கட்டடச் செலவோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணம் உடையவரே இந்நாட்டிலே வீடு கட்ட அறிந்தவராவர்.